கார்ட்ல போட்டு வெச்சிருக்கீங்களா? வீராம்பட்டினம் மணியும் பிரெஞ்சு நாவல்களும் சொல்லும் 'ஆசை'க் கதை!

ராத்திரி பதினொரு மணி. தூங்கப்போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை போனைப் பார்க்கலாம்னு எடுக்குறீங்க. யாரோ போட்ட ரீல்ஸில் ஒரு ஷூ. நேத்து வரைக்கும் அப்படி ஒரு ஷூ இருக்கிறதே உங்களுக்குத் தெரியாது. அஞ்சு நிமிஷத்துல அது கார்ட்டுக்குப் போயாச்சு. பத்தாவது நிமிஷத்துல, 'அது இல்லாம எப்படி இத்தனை நாள் இருந்தேன்'னு தோணுது.

இந்த மேஜிக் எங்கே நடக்குது? ஷூவிலா, நம்ம மனசிலா?

இந்தக் கேள்வியை 350 வருஷத்துக்கு மேலா விடாமல் கேட்டுக்கிட்டிருக்கிற இலக்கியம் ஒண்ணு இருக்கு... பிரெஞ்சு இலக்கியம். ஒரு நைட் கவுன், ஒரு நெக்லஸ், ஒரு பட்டுத்துணி, ஒரு தோல் துண்டு என்று சின்னச் சின்னப் பொருள்களை வைத்தே மனித ஆசையை அலசியவர்கள் அவர்கள். அதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? இருக்கிறது. அந்தக் கதையை பாரிஸில் இல்லை, புதுச்சேரி பக்கத்தில் இருக்கும் வீராம்பட்டினத்தில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

மண்ணுக்குள் ஒரு ஷாப்பிங் கார்ட்

புதுச்சேரிக்குத் தெற்கே, கடலை ஒட்டியிருக்கும் மீனவ ஊர் வீராம்பட்டினம். அதை அடுத்து, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இருக்கிறது அரிக்கமேடு. நம் பள்ளிப் பாடத்தில் 'அரிக்கமேடு' என்று படித்த அதே இடத்தை பிரெஞ்சு ஆய்வாளர்கள் 'வீராம்பட்டினம்' என்ற பெயரிலும் எழுதினார்கள். 1937-ல் புதுச்சேரியில் பேராசிரியராக இருந்த ழுவோ துப்ரேய் இங்கே கிடைத்த, முகம் செதுக்கிய சிறிய கல் ஒன்றைப் பார்த்து, அது ரோமப் பேரரசர் அகஸ்டஸின் உருவம் என்று கருதினார். 1945-ல் மார்ட்டிமர் வீலர், அதன் பிறகு பிரெஞ்சுக்காரரான கஸால், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி என்று தொடர்ந்து அகழாய்வுகள் நடந்தன.

மண்ணுக்குள் கிடைத்தவற்றைப் பட்டியல் போட்டால் ஏதோ ஆன்லைன் ஆர்டர் ஹிஸ்டரி மாதிரியே இருக்கும். இத்தாலியில் செய்த பளபளப்பான சிவப்புத் தட்டுகள். மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து ஒயின் வந்த ஜாடிகள். ஆலிவ் எண்ணெய் ஜாடிகள். 'காரம்' என்று ரோமானியர்கள் சொன்ன மீன் சாஸ் வந்த ஜாடிகளும் உண்டு. மீன்பிடி ஊருக்கே மீன் சாஸ் இறக்குமதி!

இங்கிருந்து போனவை என்ன? கண்ணாடி மணிகள், கல் மணிகள், துணிகள். அரிக்கமேடு மணிகளுக்குக் கடல்கடந்தும் மவுசு இருந்தது. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோம எழுத்தாளர் பிளினி, நம்மவர்களின் பண்டங்களுக்காக வருஷத்துக்கு 5 கோடி செஸ்டர்ஸ் காசு ரோமிலிருந்து இந்தியாவுக்குப் போகிறது என்று புலம்பியிருக்கிறார். இந்தப் பக்கம் புறநானூற்றில், யவனர் நல்ல கலத்தில் கொண்டுவந்த குளிர்ந்த மதுவைப் பாண்டிய மன்னன் பொற்கிண்ணத்தில் அருந்துவதை நக்கீரர் பாடியிருக்கிறார்.

கவனிச்சீங்களா? அவங்களுக்கு நம்ம மணி வேணும். நமக்கு அவங்க ஒயின் வேணும். தூரத்துல இருக்கிற பொருள் மேலதான் ஆசை அதிகம். 'இம்போர்ட்டட்' என்ற வார்த்தைக்கு இருக்கிற கிக், 2,000 வருஷப் பழசு.

முதல் அயிட்டம்: இந்தியத் துணியில் ஒரு நைட் கவுன்

1670. நாடக ஆசிரியர் மொலியேர், பதினான்காம் லூயி மன்னருக்கு முன் ஒரு நகைச்சுவை நாடகம் போடுகிறார். ஹீரோ ழுர்தேன். துணி வியாபாரத்தில் சம்பாதித்த குடும்பம். பணம் நிறைய இருக்கிறது. ஆனால், பிரபு குலத்தில் பிறக்கவில்லையே என்ற ஏக்கம். அதனால் பிரபுக்கள் செய்வதையெல்லாம் செய்து பார்க்கிறார். பாட்டு வாத்தியார், டான்ஸ் வாத்தியார், கத்திச்சண்டை வாத்தியார் என ஒரு பட்டாளமே வைத்துக்கொள்கிறார்.

அவர் மேடைக்கு வரும்போது போட்டிருப்பது என்ன தெரியுமா? 'அந்தியேன்' என்று பிரெஞ்சுக்காரர்கள் சொன்ன இந்தியத் துணியில் தைத்த கவுன். பெரிய மனிதர்கள் காலையில் இதைத்தான் உடுத்துவார்கள் என்று தையல்காரர் சொன்னாராம். அவ்வளவுதான், தைத்துவிட்டார்.

சாயம் ஏற்றிய, பூ வரைந்த பருத்தித் துணிக்கு அன்று பெயர்போன இடங்களில் நம் சோழமண்டலக் கரையும் ஒன்று. நாடகம் அரங்கேறி நான்கு வருஷத்தில், 1674-ல் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் கால் ஊன்றினார்கள். துணி வியாபாரம் அதற்கு முக்கியக் காரணம். பிரான்ஸில் இந்தத் துணிமீது பைத்தியம் எந்த அளவுக்குப் போனது என்றால், உள்ளூர் நெசவாளர்களைக் காப்பாற்ற 1686-ல் அரசாங்கம் தடையே போட்டது. 1759 வரை, 73 வருஷம் அந்தத் தடை இருந்தது. கேட்டார்களா? கள்ளக்கடத்தலில் வாங்கி உடுத்தினார்கள். தடை போட்டால் ஆசை குறையாது, கூடும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா?

புது கவுன் வந்தது... பழைய வீடு போனது!

சரியாக 99 வருஷம் கழித்து, 1769-ல் இன்னொரு கவுன். இந்த முறை தத்துவ அறிஞர் திதெரோ. அவருக்கு அழகான செக்கச்சிவந்த கவுன் ஒன்று பரிசாக வருகிறது. பழசைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசை மாட்டிக்கொள்கிறார். அங்கேதான் ஆரம்பிச்சது வினை.

இந்த கவுனோடு உட்கார்ந்தால் பழைய வைக்கோல் நாற்காலி மட்டமாகத் தெரிகிறது. தோல் நாற்காலி வருகிறது. அப்புறம் மேஜை பொருந்தவில்லை. சுவரில் மாட்டிய படம் பொருந்தவில்லை. ஒவ்வொன்றாக மாற்றி மாற்றி, கடைசியில் அறையே மாறிப்போகிறது. பழைய கவுனுக்கு நான் எஜமான், புது கவுனுக்கு நான் அடிமை என்ற பொருளில் புலம்பி ஒரு கட்டுரை எழுதினார் திதெரோ. பழைய கவுனில் பேனா மையைத் துடைத்துக்கொள்ளலாம், புதுசில் முடியுமா?

ஒரு பொருள் வாங்கியதும் அதற்கு 'மேட்ச்' ஆக அடுத்தடுத்து வாங்கத் தோன்றும் இந்தப் பழக்கத்துக்கு 1988-ல் கிராண்ட் மெக்ராக்கன் என்ற மானுடவியல் அறிஞர் 'திதெரோ எஃபெக்ட்' என்று பெயர் வைத்தார். புது போன், அதற்கு கேஸ், அதற்கேத்த இயர்பட்ஸ், அப்புறம் வாட்ச்... புரிஞ்சுதா?

அதே 1769-ல் புதுச்சேரியில் இன்னொரு பிரெஞ்சுக்காரர் வேறு ஓர் ஆசையோடு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வானியலாளர் லெ ழாந்தி. சூரியனை வெள்ளிக் கோள் கடந்து போவதைப் பார்க்க 1761-ல் வந்தார். போர் நடந்ததால் கரையிறங்க முடியவில்லை. எட்டு வருஷம் இந்தப் பக்கத்துக் கடல்களிலேயே சுற்றிக் காத்திருந்தார். 1769 ஜூனில் அந்த நாளும் வந்தது. மேகம் மறைத்துவிட்டது! அடுத்த வாய்ப்பு நூறு வருஷத்துக்கு அப்புறம்தான். ஊர் திரும்பினால், அவர் செத்துப்போய்விட்டார் என்று நினைத்து சொத்தைப் பங்குபோடக் கிளம்பியிருந்தார்கள். ஆனால், வந்த விஷயம் கைகூடாத அவர், தேடி வராத ஒன்றைப் பதிவு செய்துவிட்டுப் போனார். வீராம்பட்டினத்தில் இருந்த பழங்கால இடிபாடுகளைப் பற்றி முதலில் எழுதிய ஐரோப்பியர்களில் ஒருவர் அவர்தான்.

1883-ல் வந்த 'பிக் சேல்'

ஆன்லைன் ஷாப்பிங் தந்திரங்களை எல்லாம் புட்டுப் புட்டு வைத்த நாவல் எது என்றால், எமில் ஸோலாவின் 'ஓ பொனேர் தே தாம்' (பெண்களின் இன்பம் என்று சொல்லலாம்) என்பேன். வெளிவந்த வருஷம் 1883! பாரிஸின் 'லெ பொன் மார்ஷே' போன்ற பெரிய கடைகளை நேரில் போய்ப் பார்த்து, குறிப்பெடுத்து எழுதினார் ஸோலா.

கடை முதலாளி மூரே செய்கிற வேலைகளைப் பாருங்கள்.

* நஷ்டத்துக்கு விற்பது: 'பாரி பொனேர்' என்ற பட்டை 5 பிராங்க் 60 சென்டிமுக்கு விற்கிறார். அடக்க விலையைவிடக் குறைவு. அதை வாங்க வரும் கூட்டம் மற்ற பத்து பொருளை வாங்கிவிடும் என்ற கணக்கு.
* ஈஸி ரிட்டர்ன்: பிடிக்கலைன்னா திருப்பிக் கொடுங்க மேடம் என்கிறார். தயங்குகிற மனசுக்கு அதுதான் கடைசி சாக்கு. வாங்கினால் தப்பில்லை என்று ஆகிவிடும்.
* அலையவிடுவது: ஒன்றோடு ஒன்று தொடர்புள்ள பிரிவுகளை வேண்டுமென்றே கடையின் வேறு வேறு மூலையில் வைக்கிறார். ஒரு பொருளைத் தேடிப் போகும்போது கண்ணில் பத்து பொருள் படும். நம் ஸ்க்ரோல் மாதிரி.
* குழந்தைக்கு பலூன்: கடைப் பெயர் அச்சடித்த பலூன் இலவசம். அம்மாவை இழுத்துக்கொண்டு வர பிள்ளை போதும். தெரு முழுக்க நடமாடும் விளம்பரம்.

ஸோலா இதோடு விடவில்லை. விலையைப் பார்த்து மயங்கி வாங்கிக் குவிக்கும் மார்த்தி அம்மாளின் கணவர், ஒரு வாத்தியார். அந்தக் குடும்பம் கடனில் மூழ்குகிறது. இன்னொரு பிரபு வீட்டுப் பெண், ஆசையை அடக்க முடியாமல் லேஸ் துணி திருடி மாட்டிக்கொள்கிறார். எதிர்ப்பக்கம் இருக்கும் பழைய துணிக்கடை, குடை ரிப்பேர் கடை எல்லாம் ஒவ்வொன்றாகச் சாகின்றன. நம்ம தெருமுனைக் கடைகளை நினைத்துக்கொண்டே படிக்கலாம்.

'பணம் அப்புறம் குடுங்க மேடம்!'

'இப்போ வாங்குங்க, அப்புறம் கட்டுங்க' ஆப்களுக்குத் தாத்தா ஒருவர் உண்டு. ஃப்ளோபேரின் 'மதாம் பொவாரி' நாவலில் வரும் லெரே என்ற துணி வியாபாரி.

எம்மா பொவாரி ஒரு சின்ன ஊர் டாக்டரின் மனைவி. காதல் நாவல்களாகப் படித்து, அந்தக் கதைகளில் வருகிற வாழ்க்கை தனக்கும் வேண்டும் என்று ஏங்குகிறவள். அந்த ஏக்கத்தை மோப்பம் பிடித்து வீட்டு வாசலுக்கே வருகிறார் லெரே. துணியை விரித்துக் காட்டுகிறார். பணத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. அவசரமே இல்லை என்கிறார். பிறகு கையெழுத்து மட்டும். ஒரு பத்திரத்தைத் தீர்க்க இன்னொரு பத்திரம். கடைசியில் ஒருநாள், 24 மணி நேரத்தில் 8,000 பிராங்க் கட்ட வேண்டும் என்று நோட்டீஸ் வருகிறது.

எம்மா விஷம் தின்று சாகிறாள். அவள் காதலர்களால் செத்தாள் என்று பலரும் நினைப்பார்கள். நாவலைக் கவனமாகப் படித்தால், கழுத்தைப் பிடித்தது கடன் என்று தெரியும். இதில் மனசை அறுப்பது கடைசிப் பக்கம்தான். அவளுடைய சின்னப்பெண் பெர்த், பிழைப்புக்காகப் பஞ்சு மில்லுக்கு வேலைக்குப் போகிறாள். அம்மா ஆசைப்பட்ட துணிகளுக்கு மகள் நூல் நூற்கிறாள். (இந்த நாவல் ஒழுக்கத்தைக் கெடுக்கிறது என்று 1857-ல் ஃப்ளோபேர்மீது வழக்குப் போட்டு, அவர் விடுதலையானது தனிக்கதை.)

இன்றைக்கு லெரே நேரில் வருவதில்லை. 'நோ காஸ்ட் இ.எம்.ஐ' என்று வருகிறார். கிரெடிட் கார்டின் ஜீரோ பர்சன்ட் திட்டங்களில் வட்டி பெரும்பாலும் ப்ராசஸிங் கட்டணம் என்ற பெயரில் ஒளிந்திருக்கிறது என்று 2013-லேயே ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை விட்டது. இலவசக் கடன் என்று ஒன்று இல்லை என்பதுதான் அதன் சாரம்.

ஒரு நெக்லஸ், பத்து வருஷம்

சி.பி.எஸ்.இ பத்தாம் வகுப்பு ஆங்கிலத் துணைப்பாடத்தில் மாப்பசானின் 'நெக்லஸ்' கதையைப் படித்தவர்கள் கையைத் தூக்கலாம். 1884-ல் பாரிஸ் நாளிதழ் ஒன்றில் வெளிவந்த கதை.

சாதாரண குமாஸ்தாவின் மனைவி மத்தில்த். மந்திரி வீட்டு விருந்துக்கு அழைப்பு வருகிறது. உடுத்த நல்ல உடை இல்லை. துப்பாக்கி வாங்கக் கணவர் சேர்த்து வைத்த 400 பிராங்க் உடைக்குப் போகிறது. தோழியிடம் வைர நெக்லஸ் இரவல் வாங்குகிறாள். ஒரு ராத்திரி முழுக்க ராணி மாதிரி ஜொலிக்கிறாள். வீட்டுக்கு வந்து பார்த்தால் கழுத்தில் நெக்லஸ் இல்லை.

உண்மையைச் சொல்ல வெட்கம். 36,000 பிராங்குக்கு அதே மாதிரி வாங்கித் திருப்பிக் கொடுக்கிறார்கள். அப்பா விட்டுப்போன 18,000 போக மீதி கடன். அதை அடைக்கப் பத்து வருஷம். வேலைக்காரியை நிறுத்தி, வீட்டை மாற்றி, தண்ணீர் சுமந்து, பாத்திரம் தேய்த்து மத்தில்த்தின் இளமையே போய்விடுகிறது. பிறகு தோழியைப் பார்க்கும்போதுதான் தெரிகிறது, இரவல் வாங்கியது போலி நகை. அதிகபட்சம் 500 பிராங்க் பெறும். 500 பிராங்க் பொருளுக்கு 36,000, அதாவது 72 மடங்கு!

இந்தக் கதையை நம் கடற்கரை ஊர்களில் வைத்துப் பார்த்தால் வேறு ஒன்று புரியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். வருமானம் இல்லாத அந்த நாள்களில், வலை பின்னவும் இன்ஜின் சரி பார்க்கவும் ஸ்கூல் ஃபீஸ் கட்டவும் பல வீடுகளில் எது முன்னே வருகிறது? அம்மா கழுத்துச் செயின். அடகுக் கடைக்குப் போகும், சீசன் வந்தால் மீண்டு வரும். மத்தில்த்துக்கு நகை மற்றவர்கள் கண்ணுக்காக. நம் அம்மாக்களுக்கு நகை ஆசையும்தான், ஆபத்துக்கு உதவும் கையும்தான். 'நகை ஆசை' என்று அவர்களைக் கிண்டல் பண்ணுவதற்கு முன்னால் இதை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம். அந்தச் செயின் எத்தனை தடவை நம் ஃபீஸாக மாறியிருக்கும்?

அந்த ஆசை உங்களோடதுதானா?

பால்சாக் 1831-ல் எழுதிய நாவலில் ஒரு மாயத் தோல் வரும். கேட்டது எல்லாம் கிடைக்கும். ஆனால், ஒவ்வொரு ஆசை நிறைவேறும்போதும் தோல் கொஞ்சம் சுருங்கும். கூடவே வைத்திருப்பவரின் ஆயுளும். மாதக் கடைசியில் பேங்க் பேலன்ஸைப் பார்க்கும்போது இந்தத் தோல் ஞாபகம் வந்தால் பொறுப்பு பால்சாக்.

நம் தலைமுறைக்கு ரொம்பவே பக்கத்தில் வருவது ஜார்ஜ் பெரெக். 1965-ல் வந்த அவருடைய நாவலின் பெயரே 'பொருள்கள்'. ரெனோதோ பரிசு வாங்கியது. ஜெரோம், சில்வி இருவரும் இளம் ஜோடி. மார்க்கெட் ரிசர்ச் வேலை. மக்களுக்கு என்ன பிடிக்கிறது என்று கேட்டுக் கேட்டு எழுதுவதுதான் தொழில். ஆனால், தங்களுக்கு என்ன வேண்டும் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியாது. நாவல் ஆரம்பத்தில் ஒரு கனவு வீடு. சோபா, கம்பளம், புத்தக அலமாரி என்று பக்கம் பக்கமாக வர்ணனை. அதில் மனிதர்களே இல்லை. இன்ஸ்டாகிராமில் வரும் ஹோம் டூர் வீடியோ மாதிரி.

ஏன் இப்படி? இதற்கு பிரெஞ்சு சிந்தனையாளர் ரெனே ஜிரார் 1961-ல் ஒரு விளக்கம் சொன்னார். நாம் ஒரு பொருளை நேராக ஆசைப்படுவதில்லை. இன்னொருவர் ஆசைப்படுவதைப் பார்த்து ஆசைப்படுகிறோம். நான், பொருள், நடுவில் ஒரு மூன்றாம் ஆள். ழுர்தேனுக்கு அந்த ஆள் பிரபுக்கள். எம்மாவுக்கு நாவல் நாயகிகள். நமக்கு? இன்ஃப்ளூயன்ஸர். ஃபேஸ்புக்கில் ஆரம்பத்திலேயே பணம் போட்ட பீட்டர் தீல், ஸ்டான்ஃபோர்டில் படித்தபோது ஜிராரின் இந்தச் சிந்தனையால் ஈர்க்கப்பட்டவர் என்பது சும்மா ஒரு தகவல். நம்மைத் தவிர எல்லோரும் பாடத்தைச் சரியாகப் படித்திருக்கிறார்கள்!

விறகா, அம்மனா?

வீராம்பட்டினத்துக்கு வருவோம். இங்கே இருக்கும் செங்கழுநீர் அம்மன் கோயிலுக்கு ஓர் ஊர்க்கதை உண்டு. மீனவர் ஒருவர் வலையில் மீனுக்குப் பதில் ஒரு மரக்கட்டை சிக்கியது. வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டார். அடுப்பெரிக்கலாம் என்று மனைவி கோடரியால் வெட்ட, கட்டையிலிருந்து ரத்தம் வந்தது. அதற்கப்புறம்தான் அது அம்மன் என்று தெரிந்தது. ஆடித் தேரோட்டத்தில் பிரெஞ்சு ஆட்சியில் கவர்னர் வந்து வடம் பிடிப்பது வழக்கம். இன்றும் துணைநிலை ஆளுநரும் முதலமைச்சரும் வந்து தேர் இழுக்கிறார்கள்.

ஒரே கட்டைதான். விறகாகப் பார்த்தால் ஒருவேளைச் சோறு. ஊர் கூடிப் பார்த்தால் தெய்வம். பொருளுக்கு மதிப்பு நம்மிடமிருந்துதான் போகிறது. பிரெஞ்சு நாவலாசிரியர்கள் நானூறு பக்கத்தில் சொன்னதை இந்த ஊர்க்கதை நாலு வரியில் சொல்கிறது.

வாங்குறதுக்கு முன்னாடி ஐந்து கேள்வி

ஆசையே படாதீங்க என்று இந்தப் புத்தகங்கள் எதுவும் சொல்லவில்லை. யாருடைய ஆசை, என்ன விலை என்று கேட்கத்தான் சொல்கின்றன. 'பை நவ்' அழுத்தும் முன் இவற்றைக் கேட்டுப் பாருங்கள்.

1. ஜிரார் கேள்வி: இதை யார்கிட்ட பார்த்து ஆசைப்பட்டேன்? அவங்களைப் பார்க்காமல் இருந்தால் இது வேணும்னு தோணியிருக்குமா?
2. திதெரோ கேள்வி: இதை வாங்கினால் இதோட சேர்த்து இன்னும் என்னென்ன வாங்க வேண்டி வரும்? மொத்தமாகக் கூட்டிப் பாருங்கள்.
3. ஸோலா கேள்வி: தள்ளுபடி இல்லைன்னா இதை வாங்குவேனா? ரிட்டர்ன் பண்ணிக்கலாம் என்ற தைரியத்தில் வாங்குறேனா?
4. லெரே கேள்வி: எல்லாக் கட்டணமும் சேர்த்து கடைசித் தவணை முடியும்போது மொத்தம் எவ்வளவு கட்டியிருப்பேன்? ஒரு மாசம் தவறினால் அபராதம் எவ்வளவு, சிபில் ஸ்கோர் என்ன ஆகும்?
5. மத்தில்த் கேள்வி: இது என் சந்தோஷத்துக்கா, ஒரு ராத்திரி மற்றவங்க பார்க்கிறதுக்கா?

ஐந்துக்கும் பதில் சொன்ன பிறகும் வேணும்னு தோணுதா? தாராளமா வாங்குங்க. அது உங்கள் ஆசை.

இவ்வளவு படித்த பிறகு ஒரு புத்தகம் படிக்கலாம்னு ஆசை வந்தால், செயின்ட் எக்சுபெரியின் 'குட்டி இளவரசன்' தமிழிலேயே இருக்கிறது. நட்சத்திரங்களை எண்ணி எண்ணி, அத்தனையும் தனக்குச் சொந்தம் என்று சொல்கிற பிசினஸ்மேன் ஒருவர் அதில் வருவார். ஒரே ஒரு ரோஜாவுக்குத் தினமும் தண்ணீர் ஊற்றிய குட்டிப் பையன் அவரிடம் கேட்கும் கேள்விகளுக்காகவே படிக்கலாம். புதுச்சேரியில் இருப்பவர்கள் 1827-ல் தொடங்கிய, இன்று ரோமன் ரோலண்ட் பெயரில் இருக்கும் நூலகத்துக்கு ஒரு நடை போகலாம். அப்படியே பக்கத்தில் இருக்கும் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டு மணிகளையும் பார்த்துவிட்டு வாருங்கள். கடுகளவு, மிளகளவுதான் இருக்கும். அதற்கு ஆசைப்பட்டுக் கப்பல் ஏறியவர்கள் யாரும் இன்றைக்கு இல்லை. மணி மட்டும் நிறம் மாறாமல் அப்படியே இருக்கிறது.